கையெழுத்துப் போடும் முன்: ஸ்டென்ட், பேஸ்மேக்கர், ஐ.சி.டி.

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்குச் சுமார் 30 கிலோமீட்டர், மதுரைக்குச் சுமார் 50. மாரடைப்பு வந்தவரின் இதயத் தசை எவ்வளவு பிழைக்கும் என்பதில் இந்தத் தூரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் ஸ்டென்ட் பற்றிய இந்த அத்தியாயத்தை ஆபரேஷன் அறையில் தொடங்காமல் தோட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

மல்லிகை பறிப்பவர்கள் விடிவதற்கு முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்கிவிடுகிறார்கள். மொட்டு விரிவதற்குள் பூ மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். அந்த நேரத்தில் நெஞ்சில் பாரம் வைத்தது போல ஒரு அழுத்தம், தாடைக்கோ இடது தோளுக்கோ ஏறும் வலி, குளிர்ந்த வியர்வை. "வாயுப் பிடிப்புதான்" என்று ஒரு சோடாவைக் குடித்து, முதுகை நீவிவிடச் சொல்லி, பூவை எடை போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் இறந்துபோகும் தசையை எந்த ஸ்டென்டாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறல், வாந்தி, காரணமில்லாத அசதி என்று மட்டும்கூட வரலாம்.

செய்ய வேண்டியது இது. 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள், பஸ்ஸுக்கும் காத்திருக்காதீர்கள். வழியில் இதயத் துடிப்பு நின்றால் உயிரைத் திருப்பித் தரும் கருவி ஆம்புலன்ஸில்தான் இருக்கும். வண்டி வர நேரமாகும் என்றால் பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஈ.சி.ஜி. எடுங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்று மாத்திரைகளையும் முதல் அளவாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். அங்கே நிற்கும் சில நிமிடங்கள் வீண்போகாது.

மாரடைப்பு நேரத்தில்

முழு மாரடைப்பு என்றால் ஒரு ரத்தக்குழாய் கட்டியால் மொத்தமாக அடைபட்டிருக்கிறது என்று பொருள். அதைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. கேத் லேப் (ரத்தக்குழாயைப் படம் பிடித்துப் பலூன் விடும் அறை) உள்ள மருத்துவமனையில் உடனே பலூன் விட்டு ஸ்டென்ட் வைப்பது ஒன்று. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ் போன்ற கட்டி கரைக்கும் ஊசி போடுவது மற்றொன்று. முதல் வழிதான் சிறந்தது. ஆனால் மாரடைப்பு என்று உறுதியானதிலிருந்து 120 நிமிடங்களுக்குள் பலூன் விட முடியாது என்றால் ஊசியை முதலில் போட்டுவிட வேண்டும் என்பதே உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. ஊசி போட்டபின் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்து, தேவையானால் ஸ்டென்ட் வைக்கலாம். ஊசி வேலை செய்யவில்லை என்றால் உடனே.

பெரிய ஊர் மருத்துவமனை ஒன்றைச் சுற்றிலும் உள்ள சிறிய மருத்துவமனைகளோடும் ஆம்புலன்ஸோடும் இணைத்து, இந்த முறையைத் தமிழ்நாட்டிலேயே நான்கு வட்டாரங்களில் நடத்திப் பார்த்தார்கள். மருத்துவர்கள் தாமஸ் அலெக்ஸாண்டரும் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். புதிதாக எந்தக் கருவியையும் கண்டுபிடித்ததால் கிடைத்த பலன் இல்லை இது. இருக்கிற ஊசியும் வண்டியும் கேத் லேப்பும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதால் கிடைத்தது.

ஆகவே உள்ளூர் மருத்துவர் "ஊசி போட்டு அனுப்புகிறேன்" என்றால், "வேண்டாம், நேரா மதுரைக்கே போயிடுறோம்" என்று தடுக்காதீர்கள். எங்கே கேத் லேப் இருக்கிறது, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அது இயங்குகிறதா என்பதை வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே விசாரித்து எழுதி வையுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் கேத் லேப் உண்டு.

மாரடைப்பு நேரத்தில் ஸ்டென்ட் உயிர் காக்கும். இதில் தயங்க ஒன்றுமில்லை. கையெழுத்தைப் போடுங்கள்.

மாரடைப்பு இல்லை, ஆனால் அடைப்பு இருக்கிறது

யோசிக்க வேண்டிய இடம் இது. நம் குடும்பங்கள் அதிகம் பயந்துபோகிற இடமும் இதுதான். மேடேறினால் நெஞ்சு பிடிக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. மாதக்கணக்கில் இப்படியே இருக்கிறது. டிரெட்மில் டெஸ்ட், பிறகு ஆஞ்சியோ. நோயாளி மேஜையில் படுத்திருக்க, வெளியே நிற்கும் மகனையோ மனைவியையோ உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டுகிறார்கள். கறுத்த ரத்தக்குழாய் ஓரிடத்தில் நூலாக இளைத்திருக்கிறது. "80 பர்சென்ட் அடைப்பு. இப்பவே ஸ்டென்ட் வச்சிடலாமா?" ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்தபின் யாருக்கும் 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது.

இந்த நிலையில் உள்ளவர்களைப் பற்றி நல்ல ஆராய்ச்சிகள் இருக்கின்றன. 2007-இல் வெளியான கரேஜ் ஆய்வில் 2,287 பேர். 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், இந்தியா உட்படப் பல நாடுகளிலிருந்து 5,179 பேர். ஒரு சாராருக்கு மாத்திரையும் வாழ்க்கை முறை மாற்றமும் மட்டும். மற்றவர்களுக்கு அவற்றோடு ஸ்டென்டோ பைபாஸோ. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இறப்பிலும் மாரடைப்பிலும் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நெஞ்சுவலி அடிக்கடி வந்துகொண்டிருந்தவர்களுக்கு மட்டும் ஸ்டென்டுக்குப் பிறகு வலி நன்றாகக் குறைந்தது.

காரணம் எளிது. பெரும்பாலான மாரடைப்புகள் ஆஞ்சியோவில் நூலாகத் தெரியும் அந்த ஒரே இடத்தில் வருவதில்லை. அதிகம் அடைக்காமல் ஓரமாகப் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு ஒன்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வரலாம். ஸ்டென்ட் ஓரிடத்தைத் திறந்து வைக்கிறது. அடோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரை எல்லாக் குழாய்களுக்கும் வேலை செய்கிறது.

அப்படியானால் ஸ்டென்ட் வேண்டாமா? வலி உங்கள் பிழைப்பைத் தடுக்கிறதென்றால், மாத்திரை சாப்பிட்டும் மூட்டை தூக்க முடியவில்லை, வயலுக்கு நடக்க முடியவில்லை என்றால் ஸ்டென்ட் நல்ல வைத்தியம்தான். வலியிலிருந்து விடுபடுவது சின்ன விஷயமில்லை. இடது பிரதானக் குழாயிலேயே அடைப்பு, இதயத்தின் பம்பிங் மிகவும் குறைந்த நிலை, ஓய்வாக இருக்கும்போதும் வரும் வலி, சில நாட்களாக ஏறிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றுக்கு மேலே சொன்ன ஆய்வு முடிவுகள் பொருந்தா. அங்கே தாமதம் கூடாது.

மற்ற நேரங்களில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "டாக்டர், இது இப்ப உயிருக்கு ஆபத்தா, இல்ல வலிக்காகச் செய்றதா?" "மாத்திரை மட்டும் கொடுத்து மூணு மாசம் பார்த்தா என்ன ஆகும்?" "ஆஞ்சியோ சி.டி.யை வாங்கிக்கிட்டு இன்னொருத்தர்கிட்ட கேட்டுட்டு வரலாமா?" இந்தக் கேள்விகளால் கோபப்படாத மருத்துவரே அதிகம். ஆஞ்சியோவை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, படத்தை வைத்துக்கொண்டு நிதானமாக முடிவெடுப்பதில் எந்தத் தவறும் இல்லை.

நம் பக்கத்தில் சர்க்கரை நோய் மிகுதி என்பதால் நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு: "எனக்கு பைபாஸ் நல்லதா?" சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பு இருந்த 1,900 பேரிடம் செய்த ஃப்ரீடம் ஆய்வு 2012-இல் வெளியானது. ஐந்தாண்டில் இறந்தவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களில் 16.3 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 10.9 சதவீதம். பக்கவாதம் மட்டும் பைபாஸில் கூடுதலாக வந்தது. நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்பதற்காகவே மூன்று நான்கு ஸ்டென்ட் வைத்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

உள்ளே வைப்பது என்ன

ஊரில் 'ஸ்பிரிங்' என்று சொல்வது பெரும்பாலும் கோபால்ட்–குரோமியம் கலவையில் செய்த சல்லடைக் குழாய். விரித்தால் சுமார் 3 மில்லிமீட்டர் அகலம். அதன் கம்பி ஒரு தலைமுடியின் தடிமன்தான் இருக்கும். மணிக்கட்டு நாடி வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயை விட்டு, அடைப்புள்ள இடத்தில் ஸ்டென்ட் பொருத்திய பலூனை ஊதுவார்கள். ஊதும் அந்தச் சில நொடிகளில் நெஞ்சு வலிக்கும். நோயாளி விழித்துத்தான் இருப்பார். வலித்தால் சொல்ல வேண்டும். பலூனைச் சுருட்டி எடுத்ததும் ஸ்டென்ட் சுவரோடு ஒட்டி நின்றுவிடும்.

சாதாரண உலோக ஸ்டென்டில் உள்ளே தசை வளர்ந்து மறுபடி அடைப்பது நான்கைந்து பேரில் ஒருவருக்கு நடந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் அதைப் பத்தில் ஒருவருக்கும் கீழே கொண்டுவந்தது. செயல்முறையில் வரக்கூடிய ஆபத்துகள்: குழாய் விட்ட இடத்தில் ரத்தக்கட்டு, ஆஞ்சியோ மருந்தால் சிறுநீரகப் பாதிப்பு, அபூர்வமாகப் பக்கவாதம், குழாய் கிழிதல். கிரியேட்டினின் கூடியிருந்தால், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவராக இருந்தால், முன்பு ஆஞ்சியோ மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விலை கூடினால் தரம் கூடும் என்று நினைக்க வேண்டாம். தானாகக் கரைந்துபோகும் 'அப்சார்ப்' ஸ்டென்ட் 2012 முதல் இந்தியாவில் மிக உயர்ந்த விலைக்கு விற்றது. சாதாரண மருந்து ஸ்டென்டைவிட அதில் ரத்தம் உறைவது அதிகம் என்று தெரிந்து, 2017-இல் உலகம் முழுவதும் விற்பனையை நிறுத்தினார்கள். பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருக்கும் மருந்து ஸ்டென்டே போதும்.

பணம்

அப்துல் கலாமும் ஹைதராபாத் இதய மருத்துவர் சோம ராஜுவும் சேர்ந்து 1990களில் உருவாக்கிய கலாம்–ராஜு ஸ்டென்டின் நோக்கமே ஏழைக்கு எட்டும் விலைதான். ஆனாலும் பிறகு பல ஆண்டுகள் ஒரு மருந்து ஸ்டென்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வாங்கினார்கள். வழக்கறிஞர் பிரேந்தர் சங்வான் டெல்லி உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்தது: உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து ஸ்டென்ட் 29,600 ரூபாய், வரி தனி. உச்சவரம்பு பின்னர் அவ்வப்போது மாறிவருகிறது. நடப்பு விலை ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும். பில்லில் ஸ்டென்டின் விலை, பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண் ஆகியவற்றைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பது அதே ஆணையின் விதி. காட்டவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஸ்டென்ட், பைபாஸ், பேஸ்மேக்கர் மூன்றும் இதில் உண்டு. கார்டு இல்லையென்றால் வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். நெஞ்சுவலி வந்தபின் அங்கே அலைய முடியாது. சந்தேகத்துக்கு 1800 425 3993.

வீட்டுக்கு வந்தபின்

ஸ்டென்ட் வைத்தவருக்குப் பெரிய ஆபத்து, அது திடீரென ரத்தம் உறைந்து மூடிக்கொள்வது. நூறு பேரில் ஒருவர் அளவுக்கே நடக்கும். ஆனால் நடந்தால் முழு மாரடைப்பு, பலர் பிழைப்பதில்லை. அதற்கு முக்கியமான காரணம் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்துவது. ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல், டிகாக்ரெலார், பிரசுக்ரெல் ஆகியவற்றில் ஒன்றும் சேர்ந்து வரும். மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்திருந்தால் பொதுவாக 12 மாதம், வலிக்காக வைத்திருந்தால் 6 மாதம். ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு மருத்துவரே இதைக் குறைப்பார். அதன்பிறகும் ஒரு மாத்திரை காலமெல்லாம் தொடரும்.

நிறுத்துவது எப்படி நடக்கிறதென்று பாருங்கள். பல் பிடுங்கப் போகிறார்கள், "ரத்தம் நிக்காது, நாலு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்று யாரோ சொல்கிறார்கள். பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பும்போது மாத்திரைப் பை வீட்டிலேயே தங்கிவிடுகிறது. நாட்டு மருந்து சாப்பிடும்போது இங்கிலீஷ் மருந்து கூடாதென்று மொத்தமாக ஒதுக்குகிறார்கள். மாதக் கடைசியில் கையில் காசில்லை. இவை ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. பல் பிடுங்குவதும் கண்புரை ஆபரேஷனும் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே செய்யலாம். மற்ற ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமா என்று இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் விலை குறைவு. பாதயாத்திரை போகலாமா என்று மருத்துவரிடம் கேட்டு, போகலாம் என்றால் மாத்திரையை மடியில் கட்டிக்கொண்டு போங்கள்.

இந்த மாத்திரைகளால் ரத்தம் கசியலாம். பல் துலக்கும்போது லேசாக ரத்தம் வருவதற்குப் பதற வேண்டாம். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ ரத்த வாந்தி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வது, 'வலி ஊசி' குத்திக்கொள்வது இரண்டையும் விட்டுவிடுங்கள். வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றையும் அவை ஒருசேரக் கெடுக்கும். புகையிலையையும் விட வேண்டும். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு பீடி குடிப்பவருக்கு அடுத்த அடைப்பு வேறொரு குழாயில் வரும்.

பேஸ்மேக்கர்

ஸ்டென்ட் ரத்தக்குழாய்க்கு. பேஸ்மேக்கர் இதயத்தின் மின் ஓட்டத்துக்கு. துடிப்பு நிமிடத்துக்கு 30, 40 என்று இறங்கி, கண் இருட்டி, கிணற்றடியிலோ வரப்பிலோ மயங்கி விழுகிறவருக்கு முழு ஹார்ட் பிளாக் (அந்த மின் ஓட்டம் மொத்தமாகத் தடைபடுவது) இருந்தால் நிலையான மருந்து வைத்தியம் வேறு கிடையாது. பேஸ்மேக்கர் அவரைக் காப்பாற்றும். 1958 அக்டோபர் 8-ஆம் தேதி ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் உலகின் முதல் பேஸ்மேக்கரை உடலுக்குள் வைத்தார்கள். அது சில மணி நேரம்தான் ஓடியது. அவரோ கருவிக்குமேல் கருவியாக மொத்தம் 26 மாற்றிக்கொண்டு 86 வயது வரை வாழ்ந்தார். இன்றைய பேட்டரி பத்தாண்டை ஒட்டி உழைக்கும்.

சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியது: "துடிப்பு குறைந்ததற்கு வேறு காரணம் இருக்கிறதா?" பிரஷருக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள், தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியம் ஏறுவது எல்லாமே துடிப்பைக் குறைக்கும். அதைச் சரிசெய்தாலே சிலருக்குக் கருவி தேவைப்படாது.

வைத்தபின் வரக்கூடிய தொல்லைகளில் கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி இடம் நகர்வதும் கிருமித் தொற்றும் முக்கியமானவை. இரண்டுமே நூற்றுக்கு ஒன்று, இரண்டு அளவில் வருபவை. முதல் நான்கைந்து வாரம் கருவி வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம். குடம் தூக்குவது, தலைக்குமேல் பூக்கூடை ஏற்றுவது கூடாது. அதே சமயம் கையை அசைக்காமல் கட்டிவைத்தால் தோள்மூட்டு இறுகிவிடும். காயம் சிவந்தாலோ வீங்கினாலோ நீர் கசிந்தாலோ ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். கருவிப் பையில் கிருமி சேர்ந்தால் பெரும்பாலும் கம்பியோடு வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

ஐ.சி.டி.யும் மோட்டார் ஷெட்டும்

ஐ.சி.டி. என்பது ஆபத்தான துடிப்பு வந்தால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி. ஏற்கெனவே அப்படி ஒரு துடிப்பில் விழுந்து பிழைத்தவர்களுக்கும், எக்கோவில் பம்பிங் 35 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கும் சொல்வார்கள். மாரடைப்பு வந்த உடனே வைப்பது பயன் தராது. குறைந்தது 40 நாள் கழித்து, மருந்தைச் சரியாகக் கொடுத்துப் பார்த்தபின் மறுபடி எக்கோ எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்திலேயே பம்பிங் ஏறிவிடுபவர்கள் உண்டு. இது மூச்சிரைப்பையோ அசதியையோ குறைக்காது. திடீர் மரணத்தைத் தடுப்பது ஒன்றுதான் இதன் வேலை. தேவையில்லாமல் ஷாக் அடிப்பதும் உண்டு. அது நெஞ்சில் உதைத்தது போல இருக்கும் என்று அனுபவித்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு ஷாக் அடித்து நன்றாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். தொடர்ந்து அடித்தால் 108.

விவசாயிகள் குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம் கிணற்று மோட்டார். எர்த் சரியில்லாத மோட்டாரில் ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொடும்போது சுருக்கென்று பிடிக்கும் லேசான கசிவு, மற்றவர்களுக்கு ஒரு நொடி எரிச்சல். ஐ.சி.டி. அதை இதயத்தின் தாறுமாறான துடிப்பு என்று எடுத்துக்கொண்டு ஷாக் அடித்துவிடலாம். பேஸ்மேக்கரோ துடிப்பு வருகிறதென்று நினைத்து அந்த நேரம் சும்மா இருந்துவிடலாம். ஆகவே கருவி வைத்த மாதமே எலெக்ட்ரீஷியனை வரவழைத்து மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றுக்கும் எர்த்தைச் சரிபார்த்து, கசிவைத் துண்டிக்கும் பிரேக்கர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வெல்டிங் வேலை செய்பவர் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். செல்போனைச் சட்டைப் பையில் கருவிமேல் வைக்காமல் 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், மறுபக்கக் காதில் பேசுங்கள். இண்டக்ஷன் அடுப்புக்கு இரண்டடி தள்ளி நில்லுங்கள். மிக்சி, டி.வி., மைக்ரோவேவ் பற்றிக் கவலை வேண்டாம். மீனாட்சியம்மன் கோயில் சோதனை வாசலில் நிற்காமல் கடந்து போகலாம், கையில் பிடிக்கும் கருவியை நெஞ்சின்மேல் வைத்திருக்க வேண்டாமென்று, கருவி வைத்தபோது மருத்துவமனையில் தந்த அட்டையைக் காட்டிச் சொல்லுங்கள்.

அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள். கருவியின் மாடல், சீரியல் எண், வைத்த தேதி எல்லாம் அதில்தான். 2007-இல் மெட்ரானிக் நிறுவனம் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் என்ற ஐ.சி.டி. கம்பி உடைந்துபோவதாகத் திரும்பப் பெற்றபோது உலகில் இரண்டரை லட்சத்துக்கும் மேலானவர்கள் உடலில் அது இருந்தது. எண் தெரிந்தால்தான் உங்களுடையது அதில் சேர்ந்ததா என்று பார்க்க முடியும். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பதையும் அந்த எண்ணை வைத்தே சொல்வார்கள். ஸ்டென்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கருவியால் பாதிப்பு வந்ததாக நினைத்தால் மருத்துவக் கருவிகளுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டத்தில், 1800 180 3024 என்ற எண்ணில், நோயாளியே புகார் தரலாம்.

கடைசியாக, பேசத் தயங்குகிற ஒரு விஷயம். தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு ஐ.சி.டி. ஷாக் அடித்துக்கொண்டே இருந்தால் அது வேதனை. அந்தப் பகுதியை மட்டும் ஆபரேஷன் இல்லாமல், வெளியிலிருந்தே அணைத்துவிட முடியும். அவர் தெளிவாக இருக்கும்போதே இதைப் பற்றி அவரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள். இறந்தபின் தகனம் செய்வதானால் பேஸ்மேக்கரையும் ஐ.சி.டி.யையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், சூட்டில் பேட்டரி வெடிக்கும். உடலை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் மருத்துவமனையிலேயே கேட்டால் சில நிமிடங்களில் அகற்றித் தருவார்கள். வீட்டில் இறந்தவருக்கு ஐ.சி.டி. இருந்தால் முதலில் அதை அணைக்க வேண்டும், அணைக்காமல் எடுப்பவருக்கு ஷாக் அடிக்கும். அடக்கம் செய்வதானால் எதையும் எடுக்க வேண்டியதில்லை. ஸ்டென்டை எந்த வகையிலும் எடுக்கத் தேவையில்லை.